அப்பா நிறுத்திய இடம்

பணிஸ்,

உனக்கு இருபத்தைந்து வயது. தாடி வைத்திருக்கிறாய். ஜோர்தான் தேசத்துக்குப் போய் அரபு இலக்கியத்தில் மேல்படிப்புப் படிக்கிறாய். ஆனாலும் நான் பணிஸ் என்றுதான் கூப்பிடுவேன். நீ பிறந்தபோது உன் கன்னம் இரண்டும் கொட்டாஞ்சேனை பேக்கரியில் அப்போதுதான் இறக்கிவைத்த பணிஸ் மாதிரி இருந்ததென்று அப்பா வைத்த பெயர் அது. அவர் போய் ஐந்து மாதமாகிறது. அந்தப் பெயரைச் சொல்ல இந்த வீட்டில் இனி நான் ஒருத்திதான் மிச்சம், அதனால் விடமாட்டேன்.

நீ போய் இன்றைக்கு இருபத்து மூன்று நாள். தினமும் போனில் குரல் பதிந்து அனுப்புகிறாய், நான் ஒவ்வொன்றையும் மூன்று தரம் கேட்கிறேன். வெள்ளவத்தையில் சமைக்கப் போகிற ஃப்ளாட்டில், வெங்காயம் வெட்டிக்கொண்டே கேட்கிறேன். நான் மட்டும் திருப்பிப் பேசி அனுப்புவதில்லை என்று உனக்குக் குறை. "பட்டனை அமத்திக் கதைக்கிறதுதானே அம்மா, என்ன கஷ்டம்?" என்று கேட்கிறாய். என் குரலை ஒரு பெட்டிக்குள் போட்டுக் கடல் தாண்டி அனுப்பி நான் பட்ட பாடு உனக்குத் தெரியும். அதனால்தான் கொப்பி வாங்கி எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான், பிழை இருந்தால் திருத்திக்கொள், படித்தவன்தானே. வெளிநாடு போய் வந்த பெண்களுக்கான நம்முடைய சங்கத்தில், ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று ஆறு மாதமாகக் கேட்கிறார்கள். இதையே கொடுக்கப் போகிறேன். பிள்ளையை விட்டுவிட்டுப் போன தாய் இந்த ஊரில் நான் ஒருத்தி மட்டும் இல்லை.

போகிற அன்று பெட்டியைப் பூட்டப் போகும் நேரம், அலுமாரி லாச்சியிலிருந்து அந்தப் பழைய கசெட்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, "அம்மா, இத நான் கொண்டு போகவா?" என்று கேட்டாய். "வை அங்க" என்று சொல்லிவிட்டு நான் குசினிக்குள் போய்விட்டேன். நீயும் திருப்பி வைத்தாய். விமான நிலையம்வரை நாம் கதைத்ததெல்லாம் உன் ஸ்வெட்டரைப் பற்றித்தான். நீ கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லத்தான் இந்தக் கடிதம். சொல்ல வேண்டியதை ஒழுங்காகச் சொல்லிக்கொண்டு வருகிறேன், பொறுமையாக வாசி.

உனக்கு மூன்று வயதாக இருக்கும்போது துறைமுகத்தில் சாக்குக் கட்டு சரிந்து அப்பாவின் கால் முறிந்தது. எட்டு மாதம் அவரால் ஊன்றி நிற்க முடியவில்லை. நான் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனேன். இரண்டு வருடம் என்று போனது ஆறு வருடமானது. நடுவில் ஒரே ஒரு மாதம் வந்தேன், அப்போது நீ என்னை "அன்டி" என்றாய். நான் வேலை செய்த வீட்டில் ஃபஹத் என்று ஒரு பையன். உன்னைவிட இருபது நாள் இளையவன். அவனுக்குச் சோறூட்டுவதும் குளிப்பாட்டுவதும் என் வேலை. அவன் வளர்கிற அளவைப் பார்த்துத்தான் நீ இப்போது எவ்வளவு உயரம் இருப்பாய் என்று கணிப்பேன். அவனுக்குச் சட்டை சிறிதானால், உனக்கும் சிறிதாகியிருக்கும் என்று நினைத்துக்கொள்வேன்.

எழுதிப் பழக்கமில்லாத எங்களுக்கு அந்த நாளில் கசெட்தான் கடிதம். ஊருக்குப் போகிற யாராவது ஒருத்தியின் கையில் பேசிக் கொடுத்துவிடுவோம். வீட்டில் அதைக் கேட்டுவிட்டு, அதே கசெட்டின் மேலேயே அவர்கள் பேசித் திருப்பி அனுப்புவார்கள். நான் கேட்டுவிட்டு மறுபடியும் அதன் மேலேயே பேசுவேன். என் குரலை அழித்து அப்பாவின் குரல், அவர் குரலை அழித்து என் குரல். எல்லாக் குடும்பத்திலும் இப்படித்தான் செய்தார்கள். யாருடைய சொல்லும் அதில் ஒரு மாதத்துக்கு மேல் தங்காது.

ஒரு வெள்ளிக்கிழமை குவைத்தில் வீட்டார் எல்லோரும் வெளியே போயிருந்தார்கள். ஃபஹத்துக்குக் காய்ச்சல், அதனால் அவனையும் என்னையும் விட்டுவிட்டுப் போனார்கள். அவன் தூங்குகிறான் என்று நினைத்து நான் குசினியில் டேப்பை வைத்துப் பேசத் தொடங்கினேன். நீ பாலர் வகுப்புக்குப் போகத் தொடங்கிய நேரம். சப்பாத்து லேஸ் கட்டப் பழகிவிட்டாயா, பிலோமினா அக்கா வீட்டில் தொந்தரவு செய்யாதே, இப்படி ஏதேதோ சொல்லிக்கொண்டிருந்தேன். அப்போது அவன் அழுதுகொண்டு ஓடி வந்தான். நான் அவனைத் தூக்கி மடியில் வைத்து அரபில் சமாதானம் சொன்னேன். பட்டனை அமத்தி நிறுத்த மறந்துபோனேன். அவனை ஆற்றிப் படுக்க வைத்துவிட்டு வந்தபோது அந்தப் பக்கம் ஓடி முடிந்து தானாக நின்றிருந்தது. பேசியது போதும் என்று நினைத்து, அடுத்த நாள் நீர்கொழும்புக்குப் போன ஒரு பெண்பிள்ளையிடம் அப்படியே கொடுத்துவிட்டேன்.

அந்தக் கசெட் மட்டும் எனக்குத் திரும்பி வரவில்லை. அப்பா புதுக் கசெட் வாங்கிப் பேசி அனுப்பியிருந்தார். "பழசு எங்க?" என்று போனில் கேட்டேன். "அதா, டேப் சிக்கிப்போச்சு" என்றார். சிக்கினால் பென்சிலை விட்டுச் சுற்றி எடுக்கத் தெரியாத மனுஷனா என்று நான் யோசிக்கவில்லை.

சிக்கவில்லை என்பது பிலோமினா அக்கா பிறகு சொல்லித்தான் எனக்குத் தெரியும். நம் பக்கத்து வீட்டு மனுஷி, உன்னைப் பகலில் பார்த்துக்கொண்டவள், அவளுக்குத் தெரியாத விஷயம் நம் வீட்டில் எதுவும் இருந்ததில்லை. ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிந்து வந்து, தேத்தண்ணியும் பணிஸும் வைத்துக்கொண்டு, நீயும் அப்பாவும் அந்தக் கசெட்டைத்தான் போட்டுக் கேட்பீர்களாம். நான் உன்னோடு பேசி முடிக்கிற இடத்தில் அப்பா தவறாமல் அமத்தி நிறுத்திவிடுவாராம். "அவ்வளவுதான் மகன். அம்மாவுக்கு வேலை வந்துட்டுது." ஒரு நாளும் பிந்தமாட்டாராம். ஆனால் நீ சும்மா இருக்கிற பிள்ளையா? அவர் சுருட்டு வாங்கக் கடைக்குப் போன நேரம் பார்த்து நீயே போட்டுக் கேட்டாய். ஒரு முறை இல்லை, பல முறை.

நான் திரும்பி வந்தபோது உனக்கு ஒன்பது வயது. வந்த மறுநாள் காலை நான் செய்த பிழையை நீ மறந்திருக்கமாட்டாய். பாணில் பட்டர் பூசிவிட்டு, தலையைத் திருப்பாமலே, ஆறு வருடப் பழக்கத்தில், "ஃபஹத், தஆல்" என்று கூப்பிட்டேன். ஃபஹத், இங்கே வா என்று அர்த்தம். நீ வந்தாய். வாயில் பற்பசை நுரையோடு வந்து நின்று, "இந்தா வந்துட்டன்" என்றாய். நான் ஃபஹத் இல்லை என்று சொல்லியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது. கண்ணாடிக்கு முன்னால் தலை வாரிக்கொண்டிருந்த அப்பாதான், "பெயர் மாறினா என்னா? கூப்பிட்ட ஆள் வந்துட்டான் தானே, பாணைக் குடுங்க" என்றார். மூன்று பேரும் சிரித்தோம். அந்த மனுஷன் இருந்தவரை நம் வீட்டில் எந்தப் பிழையும் ஒரு நாளைக்கு மேல் பிழையாக இருந்ததில்லை.

அதற்குப் பிறகு ஒரு நாள் நீ கேட்டாய். "அம்மா, கசெட்ல அந்தப் பிள்ளைக்கு என்னா சொன்னீங்க?" அப்போதுதான் அதுவும் பதிந்திருக்கிறது என்பதே எனக்கு உறைத்தது. "அழாத, அழுதா அடி விழும் எண்டு சொன்னன்" என்று பொய் சொன்னேன். உன் முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே. "நல்ல வேலை!" என்று துள்ளிக்கொண்டு போனாய். அந்தச் சந்தோஷத்துக்காகவே பொய்யை அப்படியே வைத்துக்கொண்டேன். அந்த மொழியையும் அதோடு மூட்டை கட்டி வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு பல வருடம் இந்த வீட்டில் நான் ஒரு அரபுச் சொல்லும் சொன்னதில்லை.

நீ உயர்தரம் படிக்கிற காலத்தில் உன்னைச் சனிக்கிழமைதோறும் வெள்ளவத்தைக்குக் கணக்கியல் வகுப்புக்கு அனுப்பினேன். ஒரு நாள் பிலோமினா அக்கா மூச்சு வாங்கப் படியேறி வந்தாள்.

"இங்க பாரு, உன் மகன் எங்க?"

"வெள்ளவத்தையில கிளாஸ்."

"வெள்ளவத்தையா! நான் இப்ப மருதானையில பஸ்ஸுக்கு நிண்டனான். தொப்பி போட்ட பொடியன்களோட ஒரு மெளலவி வீட்டுக்குள்ள போறான். கையில அரபுப் புத்தகம். கோயில்ல சூசையப்பருக்கு மெழுகுதிரி கொளுத்தின கையடி அது!"

"நீங்க வேற யாரையாவது பார்த்திருப்பீங்க."

"அந்தக் கன்னத்த நான் மறப்பனா?"

அன்றைக்கு நான் செய்ததை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் எழுத வேண்டும். உன் பையைத் திறந்து, அரபு எழுத்து எழுதிப் பழகிய கொப்பியை எடுத்து, துணி ஊறப் போட்ட வாளிக்குள் அமிழ்த்தினேன். நீல மை தண்ணீரில் பிரிந்து போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நீ வந்ததும் கத்தினேன். "கழுவு, துடை, சுறுக்கா கொண்டு வா, இதுதான் அந்தப் பாஷை! அதப் படிச்சு என்னாவாகப் போற?" நீ என்னைக் குத்திக் காட்டத்தான் அதைப் படிக்கிறாய் என்று நினைத்தேன். என்னை விட்டுவிட்டு இந்தப் பாஷைக்காரரிடம்தானே போனீங்க என்று ஒவ்வொரு எழுத்தாக எழுதிக் காட்டுகிறாய் என்று நினைத்தேன். நீ வாளியிலிருந்து கொப்பியை எடுத்துப் பிழிந்து, கொடியில் என் சேலைக்குப் பக்கத்தில் காயப்போட்டாய். அப்பா தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார். "கப்பல்ல வந்த பெட்டியில எல்லாம் அந்த எழுத்து இருக்கும். முப்பது வருஷமா வாசிக்காமத்தான் தூக்கினன். அவன் வாசிச்சுட்டுப் போகட்டும், விடுங்க."

அடுத்த வாரம் உனக்குப் படிப்பித்த மெளலவி சேர் வீட்டுக்கே வந்தார். நான் பயந்துபோய் நின்றேன். அவர் கதிரையின் நுனியில் உட்கார்ந்து, "தங்கச்சி, ஒங்கட மகன் மதம் மாற வரல்ல, பாஷை படிக்க வாரார். நான் வந்தது வேற விஷயம் கேக்க" என்றார். அரபில் தொண்டையின் அடியிலிருந்து வருகிற எழுத்து ஒன்று உண்டாம். பள்ளிவாசல் பிள்ளைகளே அதைச் சரியாகச் சொல்ல வருடக்கணக்காகுமாம். "இவர் முதல் நாளே சொன்னார், அரபிக்காரன் மாதிரி. எங்க பழகினதென்று கேட்டா சிரிக்கிறார். ஊட்டில யாரும் பேசுவீங்களா?" நான் இல்லை என்று தலையாட்டினேன். எனக்கு அப்போது விளங்கவில்லை. அப்பா கோப்பைக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு உன்னைத் தடுக்கவில்லை. மருதானை ஸ்டேஷனில் கோச்சி ஏறி நீ கம்பஸுக்குப் போனாய். விடுமுறைக்கு வரும்போது உன் பையில் தலையணை தடிப்பில் ஓர் அகராதி. ஒரு பின்னேரம் நீ மேசையில் ஒரு குவைத்து நாவலை வைத்துக்கொண்டு தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தாய். "அம்மா, பேச்சு வாற இடமெல்லாம் எனக்கு விளங்கல்ல. இந்தச் சொல்லு எந்த டிக்‌ஷனரியிலயும் இல்ல. 'தரீஷா'வைத் திறந்தா தூசி வருதாம். என்னா சாமான் இது?" நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். வாய் முந்திவிட்டது. "ஜன்னல்டா. தரீஷா எண்டா ஜன்னல். ஆறு வருஷம் பதினாலு தரீஷா துடைச்சவளுக்குத் தெரியாதா?" நீ எழுந்து நின்றுவிட்டாய். உன் முகம், ஒன்பது வயதில் பற்பசை நுரையோடு நின்ற அதே முகம். அன்றைக்கு மட்டும் முப்பது நாற்பது சொல் கேட்டிருப்பாய். அலுமாரிக்கு என்ன, சட்டிக்கு என்ன, பொடியன்களுக்கு என்ன. கீரை அப்படியே கிடந்தது. இரவுக்குப் பாண்தான் சாப்பிட்டோம். பேராசிரியர்மாருக்கு விளங்காத ஒரு பக்கம் என்னால் விளங்கியது என்று நீ அப்பாவிடம் சொன்னாய். "அப்ப சம்பளம் யாருக்கு?" என்று கேட்டார் அவர். என் வாழ்நாளில் நான் அவ்வளவு பெருமைப்பட்ட நாள் வேறு இல்லை.

அந்த நாவலைப் பற்றியும் நீ சொன்னாய். முந்நூறு பக்கத்துக்கு மேல். அந்த வீட்டில் நம் நாட்டு வேலைக்காரி ஒருத்தி இருக்கிறாள். "கடைசி வரைக்கும் அவட பெயர் வரல்ல அம்மா. தேத்தண்ணி கொண்டு வாறா, போறா. அவ்வளவுதான்." நான் கேட்டேன், "தேத்தண்ணி நல்லா இருந்ததாமா?" நீ சிரித்தாய், ஆனால் கண் கலங்கியிருந்தது. இப்படிப் பெயர் இல்லாமல் வருகிற பெண்களைப் பற்றித்தான் இப்போது ஜோர்தானில் ஆராயப் போகிறாய் என்று எனக்குத் தெரியும். நல்லது. ஆனால் ஒன்று சொல்கிறேன், மகன். புத்தகத்தில் தேடுகிற அதே நேரத்தில், அங்கே எந்த வீட்டுக்காவது விருந்துக்குப் போய், ஒருத்தி தட்டோடு வந்தால், அவளுடைய பெயரைக் கேள். பாவம் பார்க்காதே, அது எங்களுக்குப் பிடிக்காது. பெயரைக் கேட்டு, நன்றி சொல்லி, கோப்பையைக் காலி செய்து வை. ஆறிப்போன தேத்தண்ணியை ஊற்றிக் கழுவுகிற கஷ்டம் உனக்குத் தெரியாது.

தவக்காலத்தில் அப்பா போனார். முப்பத்தோராம் நாள் பூசைக்குப் பிறகு, ஜோர்தான் குளிருக்குக் கம்பளிச் சட்டை வாங்கக் கூப்பிட்டால், "நான் போகல்ல அம்மா. நீங்க தனிய" என்றாய். நான் சண்டை பிடித்தேன். அப்போது நீ அலுமாரி லாச்சியைத் திறந்து, அப்பா முகம் துடைக்கிற கைலேஞ்சிக்கு அடியில் இருந்த கசெட்டை எடுத்தாய். "இதில நீங்க அடி விழும் எண்டு சொல்லல்ல." "எப்ப விளங்கினது?" என்று கேட்டேன். "செகண்ட் இயர்ல." மூன்று வருடம் தெரிந்துகொண்டே என் கையால் சாப்பிட்டாய், என்னிடம் தரீஷாவுக்கு அர்த்தம் கேட்டாய். "சொல்லிக் காட்டவா?" என்று மெதுவாகக் கேட்டாய். வேண்டாம் என்றேன். "நீ போறதெண்டா போ. எனக்காக நிக்காத. நான் உனக்காக நிக்கல்ல தானே" என்று ஒரு சொல் என் வாயிலிருந்து வந்துவிட்டது. நீ என் தலையில் கை வைத்தாய். அவ்வளவுதான். அதற்குப் பிறகு கம்பளிச் சட்டை வாங்கப் போனோம்.

இப்போது நானே சொல்கிறேன். அந்தக் கசெட்டில் நான் சொன்னது: "அய்னி, அழாதே. என் கண்ணே, உன்னை விட்டால் எனக்கு யாருமே இல்லை." அய்னி என்பதில் முதலில் வருவதுதான் மெளலவி சேர் கேட்ட அந்தத் தொண்டை எழுத்து, நீ அதைப் பழகியது இந்தக் கசெட்டில்தான். உனக்கு அனுப்பிய கசெட்டில் அதை இன்னொரு பிள்ளைக்குச் சொன்னேன். அவனை மடியில் வைத்துக்கொண்டு உன்னை நினைத்துத்தான் சொன்னேன் என்று எழுதினால் வாசிக்க நன்றாக இருக்கும். அது இன்னொரு பொய். அந்த நேரம் நான் அவனைத்தான் நினைத்தேன். அவன் காய்ச்சலோடு என் கையில் சுட்டுக்கொண்டிருந்தான், நீ சுவரில் படமாக இருந்தாய். ஆறு வருடத்துக்கும் அன்பை உறைபெட்டியில் வைத்துக் கொண்டு வந்து உனக்குத் தர எனக்குத் தெரியவில்லை. இருந்த இடத்தில் அது செலவாகியது. செலவானதால்தான் நான் அங்கே பைத்தியம் பிடிக்காமல் இருந்தேன், மனுஷியாகவே திரும்பியும் வந்தேன். இதை மன்னித்துவிடு என்று கேட்கவில்லை. நீ மன்னித்துவிட்டாய் என்பது நீ பிழிந்து காயப்போட்ட கொப்பியிலேயே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

நீ அங்கே யார் மேலாவது அன்பு வைத்தால் என்னை நினைத்துக் கஞ்சத்தனம் செய்யாதே. அங்கேயே ஒரு பெண்பிள்ளையைக் கட்டினாலும் கட்டு, ஆனால் பூசைக்குப் போ. பசித்தால் படிக்காதே. நான் நன்றாக இருக்கிறேன். காலையில் கோயில், பிறகு வெள்ளவத்தைக்குப் பஸ், பின்னேரம் பிலோமினா அக்காவோடு கதை. அப்பாவின் பக்கத்துத் தலையணையை இன்னும் வெயிலில் போடுகிறேன். அழுகை வந்தால் அழுகிறேன், பிறகு சமைக்கிறேன்.

கசெட்டுக்கு வருகிறேன். போன கிழமை அதை எடுத்துக்கொண்டு மருதானையில் ரேடியோ திருத்துகிற கடைக்குப் போனேன், அதில் உள்ளதைப் போனுக்கு மாற்றித் தரக் கேட்டு. நீ கேட்டது உனக்கு வந்து சேரட்டும் என்றுதான். கடைக்காரர் சிங்கள மனுஷன். கசெட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "அம்மே, மேக்க காடவத் மகன்ன பே." இதை யாராலும் அழிக்க முடியாது என்றார். எனக்கு விளங்கவில்லை. விரலால் தொட்டுக் காட்டினார். கசெட்டின் முதுகில் இரண்டு சிறிய பிளாஸ்டிக் பல் இருக்குமாம். அதை உடைத்துவிட்டால் பிறகு அதன் மேல் யாரும் வேறொன்றைப் பதிய முடியாதாம். இந்தக் கசெட்டில் இரண்டையும் கத்தி நுனியால் நெம்பி எடுத்திருக்கிறது. அந்த வேலை யார் செய்தது என்று கேட்டார். நான் செய்யவில்லை. நீ அப்போது நாலு வயசுப் பிள்ளை.

அதனால்தான் அது எனக்குத் திரும்பி வரவில்லை, பணிஸ். டேப் சிக்கவே இல்லை. எல்லாக் கசெட்டிலும் என் குரலை அழித்து மேலே பேசிய மனுஷன், இந்த ஒன்றை மட்டும் அழியாமல் செய்து, கைலேஞ்சிக்கு அடியில் வைத்து, ஞாயிற்றுக்கிழமை அந்த இடத்துக்கு ஒரு சொல் முன்னால் தவறாமல் நிறுத்தினார். எழுத்தை வாசிக்காமல்தான் தூக்கினேன் என்றார். மெளலவி சேர் கேட்டபோது கோப்பைக்குள் பார்த்தார். நான் வந்த பிறகு பதினாறு வருடம் பக்கத்தில் படுத்தார், ஒரு நாளும் கேட்கவில்லை.

கடைக்காரர் மாற்றித் தந்ததை இதோடு உன் போனுக்கு அனுப்புகிறேன். முழுவதும் இருக்கிறது, நான் எங்கும் நிறுத்தவில்லை. நீ இவ்வளவு அரபு படித்தவன், எந்தச் சொல்லுக்கும் அர்த்தம் தேடித் தருகிறவன். இதை மட்டும் சொல், மகன்: அப்பாவுக்கு அது விளங்கியிருந்ததா?